மெற்றாதெசிஸ் ஊக்கி: வேகம் இருந்தும் பாதியில் நிற்பது ஏன்?

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவருக்கு அற்கீனின் இரட்டைப் பிணைப்பு என்றால் ஏதோ ஒன்று வந்து ஏறும் இடம். புரோமின் நீர் நிறமிழக்கும், ஐதரசன் கூடும், பரமங்கனேற்றின் ஊதா மறையும். அந்தப் பிணைப்பை நடுவால் பிரித்து, பாதிகளை இடம்மாற்றி, மறுபடியும் இரட்டைப் பிணைப்பாகவே பொருத்துகிற தாக்கம் ஒன்று உண்டு. அதன் பெயர் ஒலிபீன் மெற்றாதெசிஸ். இரண்டு புரொப்பீன் மூலக்கூறுகளிலிருந்து ஓர் எதீனும் ஒரு 2-பியூட்டீனும் வருவது அதன் மிக எளிய வடிவம். நீண்ட சங்கிலியொன்றின் இரு முனைகளிலும் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது தன்னையே கவ்வி வளையமாகும். இறுக்கமான வளையத்தைக் கொடுத்தால் அது திறந்து பல்பகுதியமாகும். மருந்திலிருந்து இறப்பர் வரை பயன் உள்ள தாக்கம்.

வெறும் சூட்டினால் இது நடக்காது, உலோகம் வேண்டும். உலோகம் என்ன செய்கிறது என்பதை 1971 இல் பிரான்சின் இவ் ஷோவென், தன் மாணவர் எரிசோனுடன் சேர்ந்து சொன்னார். உலோகத்துக்கும் காபனுக்கும் இடையில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அற்கீன் அதன் பக்கத்தில் வந்து அமர, உலோகம் ஒன்றும் காபன் மூன்றுமாக நான்கு மூலை வளையம் உருவாகிறது. அந்த வளையம் வந்த வழியில் திறந்தால் பழைய அற்கீன்தான். மற்றத் திசையில் திறந்தால் புது அற்கீன் வெளியேறும், உலோகத்தில் புதிய காபன் துண்டு ஒட்டியிருக்கும். அடுத்த சுற்றுக்கு அது தயார். இந்தத் துறைக்காக 2005 இன் நோபல் பரிசை ஷோவெனும் அமெரிக்கர்களான றிச்சர்ட் ஷ்ரொக், றொபேட் கிரப்ஸ் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

காலி இடத்தின் வில்லங்கம்

அற்கீன் வந்து அமர உலோகத்தில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் காலியான இறங்குதுறைக்கு எந்தக் கப்பலும் வரலாம் என்பதுபோல, அந்த இடத்துக்கு நீரும் வரும், ஒட்சிசனும் அமீனும் வரும், ஊக்கியிலிருந்தே கழன்ற துண்டும் திரும்பி வரும். இடம் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு உயிர்ப்பு. அவ்வளவுக்கு ஆபத்தும் கூட. ஆகவே உயிர்ப்பையும் உறுதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடியாது. ஐம்பது வருட ஊக்கி வடிவமைப்பு முழுவதும், அந்த இடத்தை எப்போது மூடி வைப்பது, எப்போது திறப்பது, திறந்தபின் யாரை உள்ளே விடுவது என்ற கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

யாரை உள்ளே விடுவது என்பதை முதலில் தீர்மானிப்பது உலோகம். புல்மோட்டைக் கனிய மணல் திருகோணமலை மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் இல்மனைற்றிலும் உரூத்தைலிலும் இருப்பது தைத்தேனியம். அது இந்தக் கதையில் உண்மையாகவே ஓர் இடம் பிடித்த உலோகம்: ஷோவென் சொன்ன நான்கு மூலை வளையத்தைத் தைத்தேனியத்தில்தான் கிரப்ஸ் குழு 1980 இல் தனியே பிரித்து எடுத்தது. ஆனால் ஊக்கியாக அது உதவவில்லை. தைத்தேனியத்துக்கு ஒட்சிசன்மேல் அவ்வளவு நாட்டம். அமிலம், அற்ககோல், கீற்றோன், எசுத்தர் எது இருந்தாலும் அதன் ஒட்சிசனைத்தான் முதலில் பிடிக்கும், அற்கீன் கடைசி. ஆவர்த்தன அட்டவணையில் வலப்பக்கம் போகப்போக இந்த நாட்டம் குறைகிறது. தங்குதன் கொஞ்சம் பரவாயில்லை, மொலிப்டினம் இன்னும் நல்லது, ருத்தேனியத்துக்கு வரும்போது வரிசை தலைகீழாகி அற்கீன் முதலாவது ஆகிவிடுகிறது.

தொழிற்சாலைகள் தங்குதனிலேயே நின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடைக்கணக்கில் பார்த்தால் உலகின் பெரும்பகுதி மெற்றாதெசிஸ் இன்றும் அங்கேதான் நடக்கிறது. 1964 இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் பாங்க்ஸும் பெய்லியும் அலுமினாமேல் ஏற்றிய மொலிப்டினத்தால் புரொப்பீனை எதீனும் பியூட்டீனுமாக மாற்றிக் காட்டினார்கள். 1966 இலிருந்து 1972 வரை கனடாவில் ஆலையே ஓடியது. பிறகு புரொப்பீனின் தேவை கூடியதும் தாக்கத்தை மறுபக்கம் திருப்பி, எதீனையும் 2-பியூட்டீனையும் கொடுத்துப் புரொப்பீன் எடுக்கத் தொடங்கினார்கள். சிலிக்காமேல் தங்குதன் ஒட்சைட்டு, 260 பாகைக்கு மேல் சூடு, முன்னால் அழுக்குகளைப் பிடித்துவைக்கும் பாதுகாப்புப் படுக்கை. நீர், அற்ககோல், கந்தகச் சேர்வை, காபனோரொட்சைட்டு உள்ளே போனால் உயிர்ப்பு விழும். எதுவும் போகாவிட்டாலும் காலப்போக்கில் கரி படியும். நைதரசனில் கலந்த காற்றால் ஏறத்தாழ 550 பாகையில் எரித்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். உலோகத்தில் மிகச் சிறு பங்குதான் உண்மையில் வேலை செய்கிறது. ஆனால் திண்மம் மலிவு, எரித்துப் புதுப்பிக்கலாம், ஆகவே யாரும் கவலைப்படுவதில்லை. மருந்து மூலக்கூறை 260 பாகையில் வைக்க முடியாது என்பதால்தான் கரைசலில் இயங்கும் ஊக்கிகள் தேவைப்பட்டன.

ஷ்ரொக்கின் மொலிப்டினம் ஊக்கி 1990 இல் வந்தது. மிகத் திறந்த உலோகம், அதைச் சுற்றிப் பருத்த குழுக்கள். பருமன் அலங்காரத்துக்கு அல்ல. இரண்டு ஊக்கி மூலக்கூறுகள் நெருங்கினால் அவற்றின் காபன் துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து அற்கீனாகப் போய்விடும், இரண்டு உலோகமும் வீண். அதைத் தடுக்கும் வேலி அது. அற்ககொட்சைட்டுக் குழுக்களில் புளோரின் ஏற்றினால் உலோகத்தின் இலத்திரன் பசி கூடி வேகமும் கூடும். இதெல்லாம் காற்றும் ஈரமும் இல்லாத கையுறைப் பெட்டிக்குள் அழகாக நடக்கும். ஒரு தடவை காற்றுப் பட்டால் போயிற்று. பின்னாளில் இரண்டு தந்திரங்கள் இதற்கு வந்தன: ஊக்கியை மெழுகு வில்லைக்குள் புதைத்து விற்பது ஒன்று, நைதரசன் இரண்டுள்ள ஓர் இணையியால் (உலோகத்தோடு ஒட்டி நிற்கும் துணைக் குழு) காலி இடத்தை அடைத்து, தாக்கக் குடுவைக்குள் நாக குளோரைட்டைச் சேர்த்துச் சூடாக்கி அந்த அடைப்பைக் கழற்றுவது மற்றது.

ருத்தேனியத்தின் தொடக்கம் வேடிக்கையானது. 1980களின் பிற்பகுதியில் ருத்தேனியம் முக்குளோரைட்டு இறுக்கமான வளைய அற்கீனைப் பல்பகுதியமாக்கியது. சேதனக் கரைப்பானில் தொடங்க நெடுநேரம் எடுத்தது, நீரில் விரைவாகத் தொடங்கியது. மற்ற உலோகங்கள் நீரில் சாகும்போது இது நீரில் ஓடியது. 1992 இல் முதலாவது வரையறுத்த ருத்தேனியக் காபீன் (உலோகத்தோடு காபன் இரட்டைப் பிணைப்பால் ஒட்டிய சேர்வை), 1995 இல் இன்று முதல் தலைமுறை என்று சொல்லும் ஊதா நிறத் திண்மம். அதில் இரண்டு குளோரின், பொசுபரசு வழியே உலோகத்தில் ஒட்டும் இரண்டு பருத்த பொசுபீன். 1999 இல் ஒரு பொசுபீனை எடுத்துவிட்டு நைதரசன் இரண்டுள்ள வளையக் காபீனை வைத்தார்கள். இரண்டாம் தலைமுறை பிறந்தது.

அது ஏன் வேகமானது என்பதில் எல்லாரும் முதலில் பிழையாகவே ஊகித்தார்கள். புது இணையி இலத்திரனை அதிகம் தருவதால் எதிரே நிற்கும் பொசுபீன் விரைவில் கழன்று இடம் திறக்கும் என்று நினைத்தார்கள். அளந்து பார்த்தால் பொசுபீன் கழலும் வேகம் முதல் தலைமுறையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு குறைவு. வேகத்தின் காரணம் வேறு இடத்தில் இருந்தது: இடம் திறந்தபின் அங்கே அற்கீன் வருமா, கழன்ற பொசுபீனே திரும்பி வருமா என்ற போட்டியில் புது ஊக்கி அற்கீனின் பக்கம் பல்லாயிரம் மடங்கு சாய்ந்திருந்தது. ஊக்கி அரிதாகத்தான் விழிக்கிறது. விழித்தால் பல சுற்று வேலை பார்த்துவிட்டுத்தான் உறங்கப்போகிறது. ஊக்கி வடிவமைப்பவர்கள் இந்த அளவீட்டை மனதில் வைத்திருப்பது நல்லது.

மரணம் எப்படி வருகிறது என்பதும் இதே போட்டியிலிருந்து புரியும். முனை அற்கீன்களோடு வேலை செய்யும்போது உலோகத்தில் கடைசியில் எஞ்சுவது வெறும் CH₂. அது மிகச் சிறியது, மறைப்பு எதுவும் இல்லை. கழன்று மிதக்கும் பொசுபீன் வந்து அந்தக் காபனையே தாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு பொசுபோனியம் உப்பாகப் போய்விடும். 55 பாகையில் முதல் தலைமுறையின் CH₂ வடிவத்துக்கு அரை ஆயுள் 40 நிமிடம். இரண்டாம் தலைமுறையில் 5 மணி 40 நிமிடம். இதைப் பார்த்தவுடன் வரும் அடுத்த யோசனை, பொசுபீனே இல்லாமல் செய்தால் என்ன என்பது. இரசாயனவியலாளர் அமீர் ஹோவெய்டா அதைத்தான் செய்தார்: காபீனோடு ஒட்டிய பென்சீன் வளையத்தில் ஓர் ஐசோபுரொப்பொட்சிக் குழுவை வைத்து, அதன் ஒட்சிசனால் காலி இடத்தை மூடினார். முதற்சுற்றில் அந்த மூடி கழன்று போகும், தாக்க வல்ல பொசுபீன் சுற்றித் திரியாது. 2000 ஆம் ஆண்டில் வந்த இதன் இரண்டாம் தலைமுறை வடிவம் பச்சை நிறத் தூள், மூலக்கூற்று எடை 626.6. திண்மமாகக் காற்றில் நிற்கும். வெளியில் வைத்து எடை நிறுக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காகவே கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் பொசுபீன் போனதோடு சாவு போய்விடவில்லை. நான்கு மூலை வளையமே ஐதரசனை இழந்து வேறு வழியில் சிதையலாம். மெதனோல், வலிய கார அமீன்கள் போன்றவை ஊக்கியை ருத்தேனிய ஐதரைட்டாக மாற்றலாம். இந்த ஐதரைட்டு சும்மா செத்துக் கிடக்காது. இரட்டைப் பிணைப்பைச் சங்கிலியில் ஓர் இடம் நகர்த்திவிடும். அதன் பின் மெற்றாதெசிஸ் நடந்தால் விளைபொருளில் ஒரு CH₂ குறையும். திணிவு நிறமாலையில் எதிர்பார்த்த எண்ணுக்கு 14 குறைவாக ஒரு முனை தலைகாட்டினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1,4-பென்சோகுயினோனை 10 மூல் சதவீதம் சேர்த்தால் ஐதரைட்டை அது விழுங்கிவிடும். பெரும்பாலும் அவ்வளவு போதும்.

ஆய்வுகூட மேசையில்

ஊக்கியைச் சோதிக்க எல்லாரும் எடுக்கும் தாக்கி டைஎதயில் டைஅலைல்மலோனேற்று. அதில் 240 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமூல், வாயு நீக்கிய தொலுயீன் 10 மில்லிலீற்றரில். மேலே சொன்ன பச்சைத் தூளில் 1 மூல் சதவீதம் என்றால் 6.3 மில்லிகிராம். 30 பாகையில் காந்தக் கலக்கிமேல் வைத்தால் ஐந்து மூலை வளையம் மூடி எதீன் வெளியேறும். ஒரு மில்லிமூலுக்கு அந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் வாயு. குடுவையை இறுக மூடிவிட்டால் இந்த எதீன் கரைசலிலேயே கிடந்து ஊக்கியை மறுபடி மறுபடி அந்தப் பலவீனமான CH₂ வடிவத்துக்கே தள்ளும். ஆகவே நைதரசன் மெதுவாகக் குமிழியிட வேண்டும், அல்லது குமிழிக்காட்டி வழியே வெளியே விட வேண்டும். பலர் ஊக்கியைக் குறை சொல்லும் இடத்தில் உண்மையான குற்றவாளி இறுக மூடிய குடுவை.

திருகோணமலை போன்ற கடலோரத்தில் ஈரம் தனி விடயம். அறை 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் இருந்த போத்தலை எடுத்த உடன் திறந்தால் உள் சுவரிலும் தூளின்மேலும் நீர் படிவது கண்ணுக்கே தெரியும். ருத்தேனியம் அதனால் உடனே சாகாது. ஆனால் 6 மில்லிகிராம் நிறுக்கும் தராசில் 1 மில்லிகிராம் நீர் பெரும் பிழை. மொலிப்டினம் என்றால் கதை அங்கேயே முடிந்தது. போத்தல் மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரட்டும், பிறகு திறக்கலாம். மாரி காலத்தில் இன்னும் அதிக நேரம் காத்திருப்பது நல்லது. மின்வெட்டு அடிக்கடி வரும் இடமென்றால் ஊக்கியைச் சிறு சிறு குப்பிகளில் நைதரசனின் கீழ் பிரித்து வைக்க வேண்டும், ஒரே போத்தலைத் திரும்பத் திரும்பத் திறக்கக்கூடாது.

திண்மம் காற்றில் நிற்கிறது என்பதை வைத்துக் கரைசலும் நிற்கும் என்று எண்ணிவிடக்கூடாது. தொலுயீனுக்குள் நைதரசனை அரை மணிநேரமாவது குமிழியிட்ட பிறகே ஊக்கியைப் போட வேண்டும். பச்சைக் கரைசல் கபிலமாகிக் கறுத்தால் மேலும் காத்திருந்து பயனில்லை. அப்போதும் இன்னொரு பங்கு ஊக்கியை அள்ளிப் போடும் முன் தாக்கியைப் பார்க்க வேண்டும்: அது கடைசியாக எந்த அமீனோடு, எந்தக் கரைப்பானோடு இருந்தது? பொரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் பிஐஎல்என் 2061 என்ற கல்லீரல் அழற்சி சி மருந்துக்காக நூற்றுக்கணக்கான கிலோகிராம் அளவில் வளையம் மூடியபோது, தொலுயீனில் கலந்திருந்த சுவடளவு மோபொலின் என்ற அமீனே ஊக்கியைக் கொன்றது. கரைப்பானை அமிலத்தால் கழுவியதும் தாக்கம் ஓடியது. அதே திட்டத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. தாக்கியின் ஒரு நைதரசனில் காப்புக் குழு ஒன்றை மாட்டியதும் மூலக்கூறு வளையமாக வளைவதற்கு வசதியாகிவிட்டது; முன்பு 0.01 மோலர் என்று நீர்த்திருக்க வேண்டிய கரைசலை 0.2 மோலருக்குக் கொண்டுவந்தார்கள். ஊக்கியின் அளவும் பல மடங்கு குறைந்தது.

நல்லெண்ணெயை வைத்து ஒரு கணக்கு

எண்ணெய்களைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கப்படுவதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒலெயிக் அமிலத்தின் மெதயில் எசுத்தரையும் எதீனையும் சேர்த்தால் 1-டெசீனும், முனையில் இரட்டைப் பிணைப்புள்ள பத்துக் காபன் எசுத்தரும் வரும். முன்னையது செயற்கை உராய்வுநீக்கி எண்ணெய்க்கு மூலப்பொருள். அவ்வகை எண்ணெய் கலக்கும் தொழில் திருகோணமலைக்குப் புதிதல்ல. இந்தோனேசியாவின் கிரெசிக்கில் 2013 இல் ஆண்டுக்கு 180,000 தொன் கொள்ளளவோடு பாம் எண்ணெயை ருத்தேனியத்தால் மெற்றாதெசிஸ் செய்யும் ஆலையே தொடங்கியது. அங்கே எதீனுக்குப் பதில் 1-பியூட்டீன்.

தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. இரட்டைப் பிணைப்பின் அளவைக் காட்டும் அயடீன் பெறுமானம் அதில் 6 இலிருந்து 11க்குள்; பிடிக்க இரட்டைப் பிணைப்பே அரிது. நல்லெண்ணெயில் அது 104 இலிருந்து 120. இரட்டைப் பிணைப்பு ஏராளம். சிக்கல் வேறு: எண்ணெயில் காற்றுப் பட்டு உருவாகும் பரவொட்சைட்டு ஊக்கியைக் கொல்லும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் பரவொட்சைட்டுப் பெறுமானம் கிலோகிராமுக்கு 15 மில்லிச்சமவலு வரை போகலாம் என்று சர்வதேச உணவுத் தரம் அனுமதிக்கிறது. சமையலுக்குக் குற்றமில்லாத 10 என்றே வைப்போம். அது கிலோவுக்கு 5 மில்லிமூல் பரவொட்சைட்டு. அதே ஒரு கிலோ மெதயில் எசுத்தரில் ஏறத்தாழ 3.4 மூல் மூலக்கூறுகள். அதற்குப் பத்து இலட்சத்தில் 50 பங்கு ஊக்கி என்றால் 0.17 மில்லிமூல், எடையில் ஏறத்தாழ 106 மில்லிகிராம். ஒவ்வோர் ஊக்கி மூலக்கூறையும் சுற்றி முப்பது பரவொட்சைட்டு மூலக்கூறுகள் நிற்கின்றன. பெறுமானத்தை 1 க்குக் குறைத்தாலும் மூன்று நிற்கும். ஆகவே எசுத்தரை நைதரசனின் கீழ் 200 பாகையில் சில மணிநேரம் வைத்துப் பரவொட்சைட்டைச் சிதைத்து, பிறகு உயிர்ப்பூட்டிய அலுமினாவோடு கலக்கி வடிகட்டி, காற்றுப் படாமல் உடனே பயன்படுத்த வேண்டும். அடுத்த நாளுக்கு வைத்தால் பரவொட்சைட்டு மீண்டும் முளைக்கும்.

எதீனும் அப்படித்தான். இலங்கையில் எதீன் உற்பத்தி ஆலை கிடையாது. சிலிண்டரில் வாங்க வேண்டும், அல்லது எதனோலை நீரகற்றி எடுக்க வேண்டும். சல்பூரிக் அமில வழியில் எடுத்தால் கந்தகவீரொட்சைட்டும் ஈதரும் கூடவே வரும். சோடாக் கரைசலில் கழுவி உலர்த்தினாலும் இந்த வேலைக்குப் போதிய தூய்மை கிடைப்பது கடினம். 2015 இல் வெளியான வளைய அற்கயில் அமினோக் காபீன் கொண்ட ருத்தேனிய ஊக்கிகள் மெதயில் ஒலியேற்று, எதீன் தாக்கத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளைத் தந்தன. தூய்மை மிகக் கூடிய எதீனோடுதான் அந்த எண் கிட்டியது.

சுற்று எண்ணைக் கூட்டுவதில் இன்னொரு நேரடி இலாபம் மருந்துத் தயாரிப்பாளருக்கு. மூலக்கூற்று எடை 500 உள்ள விளைபொருளுக்கு 1 மூல் சதவீதம் ஊக்கி போட்டால், எதையும் அகற்றாவிட்டால், அதில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 2,000 பங்கு ருத்தேனியம் எஞ்சும். வாயால் உட்கொள்ளும் மருந்தில் ஒரு நாளைக்கு அனுமதிக்கும் அளவு 100 மைக்கிரோகிராம். நாளொன்றுக்கு 10 கிராம் எடுப்பவர் என்று வைத்தால் பத்து இலட்சத்தில் 10 பங்கு. கரி, சிலிக்கா, நீரில் கரையும் பொசுபீன் என்று அகற்றும் வழிகள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விளைபொருளும் போகும். ஊக்கியை 0.005 மூல் சதவீதத்துக்கு இறக்க முடிந்தால் ஒன்றும் அகற்றாமலே அந்த 10 பங்கில் வந்து நிற்கும். எந்த அளவு போட்டாலும் தாக்கம் முடிந்தவுடன் எதயில் வைனைல் ஈதரை மிகையாக ஊற்றிச் சிறிது நேரம் கலக்கி ஊக்கியை அடக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் கரைப்பானை ஆவியாக்கினால், செறிவு ஏற ஏற மிச்ச ஊக்கி விளைபொருளின் இரட்டைப் பிணைப்பிலேயே மறுபடி வேலையைத் தொடங்கும். மாலையில் தூயதாக இருந்த குடுவை காலையில் கலவையாகக் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான்.